எட்டாவது சர்வர்

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எந்த வரியை யார், எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காக மாற்றினார் என்று கேட்டால் சில நொடிகளில் பதில் வந்துவிடும். வெர்ஷன் கன்ட்ரோல் தரும் வசதி அது. 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கிண்ட் உருவாக்கிய எஸ்சிசிஎஸ் இதன் முன்னோடி. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்காக எழுதத் தொடங்கிய கிட்தான் இன்று ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கிறது. கிட்டில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும், அதாவது ஒவ்வொரு கமிட்டுக்கும், 40 எழுத்து நீளமுள்ள அடையாளம் ஒன்று உண்டு. யாரோ உட்கார்ந்து கொடுக்கும் வரிசை எண் இல்லை அது. கோப்புகளின் உள்ளடக்கம், முந்தைய கமிட்டின் அடையாளம், எழுதியவர் பெயர், நேரம், குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பெறும் ஹேஷ். ஏதோவொரு கோப்பில் ஒரு காற்புள்ளி கூடினாலும் அடையாளம் முழுக்க வேறாகிவிடும். பழைய கமிட் ஒன்றைச் சத்தமில்லாமல் திருத்தவும் முடியாது. அதற்குப் பின்வந்த எல்லா அடையாளங்களும் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் நிரல் ரெப்போவிலேயே, அதாவது கிட் காக்கும் சேமிப்பிடத்திலேயே, இருந்தால் யாருக்கும் பயனில்லை. அது புரொடக்‌ஷனுக்குப் போக வேண்டும். மக்கள் டிக்கெட் எடுக்கிற, பணம் அனுப்புகிற, பங்கு வாங்குகிற சர்வர்களில் ஓட வேண்டும். அப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் டிப்ளாய்மென்ட். இந்த வழியில் வெர்ஷன் கன்ட்ரோலின் காவல் கிடையாது. கிட்டுக்குத் தன்னிடம் இருப்பது தெரியும்; சர்வரில் இந்த நிமிடம் எது ஓடுகிறது என்பது தெரியாது. இரண்டும் ஒன்றுதான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கையில் அவை வேறுவேறாக இருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு நைட் கேபிடலின் கதையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நைட் கேபிடல், அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியிலிருந்து இயங்கிய பங்குத் தரகு நிறுவனம். அமெரிக்கப் பங்குகளை மிகப் பெரிய அளவில் வாங்கி விற்ற நிறுவனங்களில் ஒன்று. அதனிடம் ஸ்மார்ஸ் என்றொரு மென்பொருள் இருந்தது. வாடிக்கையாளரின் ஒரு பெரிய ஆர்டரை வாங்கி, அதைச் சிறு சிறு ஆர்டர்களாக உடைத்து, வெவ்வேறு சந்தைகளுக்கு நொடிக்குள் அனுப்புவது அதன் வேலை. முதலாவதைத் தாய் ஆர்டர் என்றும், உடைத்தெடுத்தவற்றைச் சேய் ஆர்டர்கள் என்றும் சொல்வார்கள். எட்டு சர்வர்களில் அது ஓடியது.

நியூயார்க் பங்குச்சந்தை 2012 ஆகஸ்ட் 1 அன்று சிறு முதலீட்டாளர்களின் ஆர்டர்களுக்காகப் புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கவிருந்தது. அதில் பங்கேற்க ஸ்மார்ஸில் புதிய நிரல் எழுத வேண்டியிருந்தது. எழுதினார்கள். எழுதிய இடத்தில் பவர் பெக் என்ற பழைய நிரல்பகுதி கிடந்தது. 2003-லேயே பயன்பாட்டை நிறுத்தியிருந்தார்கள், நீக்கவில்லை. அந்தப் பவர் பெக்கை இயக்குவதற்கு ஒரு கொடி இருந்தது. ஆர்டரில் அந்தக் கொடி 'ஆம்' என்றிருந்தால் பவர் பெக் ஓடும். புதிய நிரலுக்கும் அதே கொடியையே எடுத்துக்கொண்டார்கள். பழையது நீக்கப்பட்டுப் புதியது அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டால், 'ஆம்' என்ற கொடி புதியதைத்தான் இயக்கும் என்பது கணக்கு. ரெப்போவில் பார்த்தால் அந்தக் கணக்கு சரியானதுதான்.

ஜூலை 27 முதல் புதிய நிரலைச் சில சில சர்வர்களாக, அடுத்தடுத்த நாட்களில் ஏற்றினார்கள். ஏற்றிய ஊழியர் எட்டில் ஒரு சர்வருக்கு நகலெடுக்க விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்கவில்லை, சரிபார்க்க வேண்டும் என்று எழுதி வைத்த நடைமுறையும் அங்கே இல்லை. ஆகவே ஏழு சர்வர்களில் புதிய நிரலும், எட்டாவதில் பவர் பெக்கும் இருந்தன. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் 'ஆம்' என்ற கொடியோடு ஆர்டர்கள் வந்தன. ஏழு சர்வர்கள் ஒழுங்காக வேலை செய்தன. எட்டாவது, ஒன்பது ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்த நிரலை எழுப்பியது.

பவர் பெக் எழுந்ததோடு போயிருந்தால்கூட இழப்பு சிறிதாக இருந்திருக்கும். அது புழக்கத்தில் இருந்த காலத்தில், எத்தனை பங்குகள் வாங்கியாயிற்று என்று எண்ணிக்கொண்டே வந்து, தாய் ஆர்டர் நிறைவேறியதும் நிறுத்தச் சொல்லும் பகுதி ஒன்று அதில் இருந்தது. 2005-இல் அந்த எண்ணும் பகுதியை ஸ்மார்ஸில் வேறு இடத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். பவர் பெக்தான் ஓடுவதில்லையே என்று, நகர்த்திய பிறகு அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. விளைவு, எட்டாவது சர்வருக்கு 'போதும்' என்று சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு தாய் ஆர்டருக்கும் சேய் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. வந்தவை 212 தாய் ஆர்டர்கள். ஏறத்தாழ 45 நிமிடங்களில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகள், 39.7 கோடிப் பங்குகள். 80 பங்குகளில் சுமார் 350 கோடி டாலருக்கு வாங்கியும், 74 பங்குகளில் சுமார் 315 கோடி டாலருக்கு விற்றும் நின்றது நைட் கேபிடல். இவற்றையெல்லாம் தீர்த்துக்கட்டியபோது இழப்பு 46 கோடி டாலருக்கு மேல். நிமிடத்துக்கு ஒரு கோடி டாலர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட உத்தரவில் இவை அனைத்தும் வரிவரியாக இருக்கின்றன. மென்பொருள் துறையில் இருப்பவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டிய ஆவணம். அதில் என்னை மிகவும் உலுக்கிய பகுதிகள் இரண்டு. ஆகஸ்ட் 1 காலை 8 மணி தாண்டியதும் நைட் கேபிடலின் உள்ளமைப்பு ஒன்று தானாக மின்னஞ்சல்களை அனுப்பத் தொடங்கியது. அவற்றில் ஸ்மார்ஸின் பெயர் இருந்தது; பவர் பெக் முடக்கப்பட்டுள்ளது என்ற பிழைச்செய்தியும் இருந்தது. சந்தை திறக்கும் 9.30 மணிக்குள் அப்படி 97 மின்னஞ்சல்கள் போயின. அவை எச்சரிக்கையாகக் கருதி வடிவமைக்கப்பட்டவை அல்ல என்பதால் வழக்கமாக யாரும் பார்ப்பதில்லை. அன்றும் பார்க்கவில்லை.

இரண்டாவது இன்னும் கொடியது. சந்தை திறந்து ஆர்டர்கள் கட்டுமீறிப் போகத் தொடங்கியதும், புதிதாக ஏற்றிய நிரலில்தான் கோளாறு என்று பொறியாளர்கள் நினைத்தார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். உடனே ரோல்பேக் செய்தார்கள். புதிய நிரல் சரியாக ஏறியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். அவற்றில் பழைய நிரல் திரும்பி வந்தது. பவர் பெக்கும் வந்தது. கொடியோ 'ஆம்' என்றே வந்துகொண்டிருந்தது. ஒரு சர்வரில் இருந்த தீ எட்டுக்கும் பரவியது. என்ன ஓடுகிறது என்று தெரியாத இடத்தில், பாதுகாப்பானது என்று நாம் நம்பும் நடவடிக்கையே பெருங்கேடாக முடியும்.

அடுத்த சில நாட்களில் முதலீட்டாளர்கள் சிலர் சேர்ந்து 40 கோடி டாலர் கொடுத்து நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தார்கள். 2013-இல் அது கெட்கோ என்ற நிறுவனத்தோடு இணைந்தது. ஆணையம் விதித்த அபராதம் 1.2 கோடி டாலர்.

அந்த ஊழியரின் மறதியைக் குறைசொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எட்டு சர்வர்களுக்குக் கையால் நகலெடுக்கும் எவரும் ஒருநாள் ஏழோடு நிறுத்துவார். குறை, அந்த வேலையை ஒரு மனிதரின் நினைவாற்றலிடம் ஒப்படைத்ததில் இருக்கிறது. இன்று நல்ல அணிகள் செய்வது மிக எளிய ஒன்று. நிரலை பில்டு செய்யும்போதே, அதாவது சர்வரில் ஓடும் வடிவத்துக்குக் கட்டும்போதே, எந்தக் கமிட்டிலிருந்து உருவானது என்ற ஹேஷை அதற்குள் பதித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு சர்வரிடமும் 'நீ யார்?' என்று கேட்டால் அந்த ஹேஷைச் சொல்லும். டிப்ளாய்மென்ட் முடிந்ததும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எல்லா சர்வர்களையும் கேட்டுப் பதில்களை ஒப்பிடும். எட்டு வரிகள் வரும். ஏழு ஒரே மாதிரி இருந்து ஒன்று வேறாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். கண்ணை நம்பவும் தேவையில்லை, ஸ்கிரிப்டே நிறுத்திவிடும். கூகுள் 2014-இல் வெளியிட்ட குபெர்னெட்டிஸ் என்ற கருவி இதையே ஓயாமல் செய்கிறது. இந்த நிரல், இத்தனை பிரதிகள் ஓட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால், உண்மையில் ஓடுவதை அதனோடு ஒப்பிட்டு, வேறுபாடு கண்டால் தானே சரிசெய்யும். அப்படி எழுதிக் கொடுத்த கோப்பையும் கிட்டிலேயே வைத்துவிட்டால், எந்தச் சர்வரில் எது ஓட வேண்டும் என்ற முடிவுக்கும் தேதியும் பெயரும் காரணமும் கிடைத்துவிடுகின்றன.

செத்த நிரலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று பயன்படாத நிரலை விட்டுவைக்கும் பழக்கம் எல்லா அணிகளிலும் உண்டு. வெர்ஷன் கன்ட்ரோல் இல்லாத காலத்தில் அதில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்று நீக்கிய வரியும் கிட்டில் பத்திரமாக இருக்கிறது; பத்தாண்டு கழித்துக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும். நீக்குவதற்கான துணிவைத் தருவதுதான் வெர்ஷன் கன்ட்ரோலின் மிகப் பெரிய பயன் என்றுகூடச் சொல்வேன்.

இனி, இயந்திரத்தின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ரெப்போவில் இருக்கும் நிரல் அப்படியே சர்வரில் ஓடுவது அரிது. அதை கம்பைல் செய்ய வேண்டும், வெளியார் எழுதிய நூலகங்களை இழுத்துவந்து சேர்க்க வேண்டும், ஒரு பொதியாகக் கட்ட வேண்டும். இதுதான் பில்டு. சோதனைக்கு ஒரு முறை, புரொடக்‌ஷனுக்கு இன்னொரு முறை என்று தனித்தனியாக பில்டு செய்தால் இரண்டும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இடைப்பட்ட ஒரு மணி நேரத்தில் ஏதோ ஒரு நூலகத்தின் புதிய பதிப்பு வந்திருக்கலாம். அதனால் ஒரே முறை பில்டு செய்து, சோதித்த அந்தப் பொதியையே புரொடக்‌ஷன்வரை கொண்டுபோக வேண்டும் என்பது விதி. டாக்கர் போன்ற கருவிகள் அந்தப் பொதிக்கும் ஒரு ஹேஷைத் தருகின்றன. கிட்டின் ஹேஷ் போலவே, உள்ளே ஒரு பைட் மாறினாலும் அது மாறும்.

பொதி சர்வருக்கு வந்த பிறகு பழையதை எடுத்துப் புதியதை வைப்பதிலும் நுணுக்கம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கோப்புகளின் மேலேயே புதிய கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதினால், சில நொடிகளுக்குப் பாதி பழையது, பாதி புதியது என்ற நிலை வரும். அந்த நொடிகளில் வரும் வாடிக்கையாளர் எந்தப் பதிப்பிலும் இல்லாத ஒரு பிழையைச் சந்திப்பார். கேப்பிஸ்ட்ரானோ என்ற கருவி பரவலாக்கிய முறை இதற்கு அழகான தீர்வு. ஒவ்வொரு டிப்ளாய்மென்டுக்கும் தேதியும் நேரமும் பெயராகக் கொண்ட புதிய ஃபோல்டர் ஒன்று உருவாகும். கோப்புகள் எல்லாம் அதற்குள் நிதானமாக வந்து சேரும். 'நடப்பு' என்று ஒரு சுட்டி மட்டும் தனியே இருக்கும். சர்வர் அந்தச் சுட்டி காட்டும் ஃபோல்டரைத்தான் படிக்கும். எல்லாம் தயாரானதும் சுட்டியின் திசையைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றினால் போதும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒரு பெயரின் இடத்தில் இன்னொன்றை வைக்கும் செயலைப் பிரிக்க முடியாத ஒரே அடியாகச் செய்யலாம்; பார்ப்பவருக்குப் பழையது தெரியும் அல்லது புதியது தெரியும், நடுவில் எதுவும் கிடையாது. பழைய ஃபோல்டர்கள் அப்படியே இருப்பதால் ரோல்பேக் என்பது சுட்டியைத் திருப்பி வைப்பதுதான்.

டேட்டாபேஸ் குறுக்கிடும்வரைதான் இந்த எளிமை. நிரலைத் திருப்பலாம்; தகவலைத் திருப்ப முடியாது. தொலைபேசி எண்ணை வெறும் எண்ணாகச் சேமித்துவரும் ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் வரும் சுழியமும் கூட்டல் குறியும் அதில் தொலைந்துவிடுகின்றன என்பதால், எழுத்தாகச் சேமிக்கும் புதிய பத்திக்கு மாற முடிவெடுக்கிறோம். ஒரே டிப்ளாய்மென்டில் பழைய பத்தியை நீக்கிப் புதியதை வைத்தால், அடுத்த நிமிடம் கோளாறு வந்து பழைய நிரலுக்குத் திரும்பும்போது அது தேடும் பத்தியே இருக்காது. அதனால் இதைப் பல தவணைகளில் செய்கிறார்கள். முதலில் புதிய பத்தியைச் சேர்ப்பது மட்டும். அடுத்த டிப்ளாய்மென்டில் நிரல் இரண்டிலும் எழுதும், பழையதிலிருந்து படிக்கும். பிறகு பழைய தகவல்களை நகலெடுப்பது. அதன்பின் புதியதிலிருந்து படிப்பது. எல்லாம் சில வாரம் நன்றாக ஓடிய பிறகே பழைய பத்தியை நீக்குவது. ஒவ்வொரு படியிலிருந்தும் ஒரு படி பின்னே போக வழி இருக்கும். வெளியே யாருக்கும் தெரியாத, பாராட்டும் கிடைக்காத வேலை. ஆனால் இதைப் பொறுமையாகச் செய்கிற பொறியாளரைத்தான் நான் தேர்ந்த பொறியாளர் என்பேன்.

எல்லாப் பயனருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்காமல், முதலில் நூற்றில் ஒருவருக்குக் கொடுத்து, பிழைகள் கூடுகின்றனவா என்று பார்த்து, பிறகு விரிப்பது இன்று பரவலான வழக்கம். சிறிது சிறிதாக, அடிக்கடி அனுப்புவதும் அப்படித்தான். 2009-இல் ஃபிளிக்கர் நிறுவனத்தின் ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹாமண்டும் தங்கள் அணி ஒரு நாளில் பத்து முறைக்கு மேல் டிப்ளாய் செய்வதாக ஒரு மாநாட்டில் பேசியபோது பலருக்கு அது வியப்பாக இருந்தது. ஆறு மாத மாற்றங்களை மொத்தமாக ஏற்றினால் எது உடைத்தது என்று தேடுவதற்கே நாட்கள் ஆகும். பத்து வரி மாற்றத்தை ஏற்றினால், உடைந்ததும் எங்கே பார்ப்பது என்று தெரியும்.

இவ்வளவு ஒழுக்கமும் நிரலுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் வேறு வாசல் வழியாக ஆபத்து நுழையும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் விண்டோஸ் கணினிகளுக்கு அனுப்பியது நிரல் அல்ல. புதுவகைத் தாக்குதல்களை அடையாளம் காண்பதற்கான தகவல் கோப்பு. நிரல் மாற்றங்களுக்கு இருந்த படிப்படியான வெளியீடு அத்தகைய கோப்புகளுக்கு இல்லை. அந்தக் கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. படிக்கும் நிரலோ 20-ஐத்தான் கொடுத்தது. இல்லாத 21-ஆவதைத் தேடி நினைவகத்தின் எல்லைக்கு வெளியே போய், விண்டோஸையே வீழ்த்தியது. 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்தன. திரும்பத் திரும்ப விழுந்து எழுந்துகொண்டிருந்த கணினியால் திருத்தத்தை இணையம் வழியே வாங்கிக்கொள்ள முடியவில்லை. பலவற்றின் முன்னாலும் ஓர் ஆள் போய் உட்கார வேண்டியிருந்தது. இந்திய விமான நிலையங்களில் அன்று போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் தவறுதலாக வந்த இடைவெளிகள். அதே இடைவெளிக்குள் வேண்டுமென்றே ஒருவர் ஒளிந்துகொண்டால்? எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு திறமூல மென்பொருள். லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது. அதன் பராமரிப்பில் ஈராண்டுகளுக்கும் மேலாகப் பங்கெடுத்து நம்பிக்கை பெற்ற ஒருவர், அல்லது அந்தப் பெயரில் இயங்கிய ஒரு குழு, 2024-இன் தொடக்கத்தில் அதற்குள் ஒரு கள்ளக்கதவை வைத்தார். அது செய்யப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். தீய நிரல், சோதனைக்கான கெட்டுப்போன கோப்புகள் என்ற வேடத்தில் கிட்டிலேயே கிடந்தது. யாரும் திறந்து படிக்காத பைனரி அது. அதை எழுப்பும் சில வரிகள் மட்டும் கிட்டில் இல்லை. வெளியீட்டின்போது தரவிறக்கத்துக்காகக் கட்டிவைக்கும் தொகுப்பில்தான் இருந்தன. ரெப்போவை எத்தனை பேர் கூர்ந்து படித்தாலும் அந்த வரிகள் கண்ணில் படாது. லினக்ஸ் வெளியீட்டாளர்கள் பலர் பில்டு செய்ததோ தொகுப்பிலிருந்து.

அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை உருவாக்குபவர்களில் ஒருவர். தன் சோதனைக் கணினிக்குள், தொலைவிலிருந்து இணைய உதவும் எஸ்எஸ்எச் வழியே நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி அளவுக்குக் கூடுதல் நேரம் ஆவதைக் கவனித்து, ஏன் என்று விடாமல் தோண்டினார். 2024 மார்ச் 29 அன்று அவர் வெளியிட்ட செய்தி, பரவலான லினக்ஸ் வெளியீடுகளின் நிலைத்த பதிப்புகளுக்குள் அது நுழைவதற்கு முன்பே தடுத்துவிட்டது.

ஓடும் நிரல் இந்த மூலத்திலிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க முடியுமா என்ற கேள்விக்கு டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் குழுவினர் 2013 முதல் உழைத்து வருகிறார்கள். ஒரே மூலத்தை இரண்டு பேர், இரண்டு கணினிகளில் பில்டு செய்தால் கடைசி பைட்வரை ஒன்றாக வர வேண்டும் என்பது அவர்கள் இலக்கு. கேட்க எளிது, செய்ய அப்படியில்லை. பில்டு செய்த நேரத்தைப் பல கருவிகள் பொதிக்குள் எழுதிவிடுகின்றன. ஃபோல்டரிலுள்ள கோப்புகளின் வரிசை கணினிக்குக் கணினி மாறுகிறது. யாருடைய கணினியில் எந்த ஃபோல்டரில் பில்டு நடந்தது என்பதுகூட உள்ளே ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துப் பல கருவிகளைத் திருத்தியிருக்கிறார்கள். இந்த முறையால் எக்ஸ்இசட் கள்ளக்கதவு தானாகப் பிடிபட்டிருக்காது. அங்கே மூலம் என்று தரப்பட்ட தொகுப்பே மாறியிருந்தது. தொகுப்பையும் கிட்டிலுள்ள கமிட்டையும் ஒப்பிடும் வேலை தனியாகத் தேவை. ஆனால் மூலம் சரி என்று உறுதியான பிறகு, பில்டு செய்த கணினிக்குள் யாராவது புகுந்து மாற்றியிருந்தால் இந்த முறையில் தப்ப முடியாது. டெபியனின் சோதனைக் கணினிகள் ஆயிரக்கணக்கான பொதிகளை மீண்டும் மீண்டும் பில்டு செய்து, இரண்டு முறையும் ஒன்றாக வந்ததா என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. ஒன்றாக வராதவற்றின் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.